உடைந்த துண்டுகளில் உலகம் படைத்த நேக் சந்த்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. வீட்டில் ஒரு பொருள் உடைந்துவிட்டால் அதை உடனே குப்பையில் எறிய அவர்களுக்கு மனம் வருவதில்லை. பழைய சேலை தலையணை உறையாகும். அதுவும் நைந்து போனால் கரித்துணியாகும். ஓட்டைப் பானையில் துளசிச் செடி வளரும். ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் தெருவில் வந்தால், ஒரு காலத்தில் பிள்ளைகள் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடுவார்கள். உடைந்த வளையல் துண்டுகளை விளக்குச் சுடரில் வாட்டி வளைத்து, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்து விளையாடிய பாட்டிமார் நம் நாகல் நகரிலும் உண்டு.

அன்பு மாணவியரே! அந்த வளையல் துண்டுகளைக் கொண்டு சங்கிலி மட்டுமா செய்யலாம்? ஓர் அரண்மனையே கட்டலாம். அரசனையும் அரசியையும், ஆடும் மகளிரையும், நீர் சுமக்கும் பெண்களையும், மயிலையும் குரங்கையும் படைக்கலாம் என்று செய்து காட்டினார் ஒருவர். அவர் சிற்பக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். செல்வரும் அல்லர். சாலைகளை மேற்பார்வை செய்யும் ஓர் அரசாங்க ஊழியர். அவர் பெயர் நேக் சந்த். சண்டிகர் நகரில் அவர் படைத்த கற்தோட்டத்தைக் காண இன்றும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். அவருடைய வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

இளமைப் பருவம்

நேக் சந்த் சைனி 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் பஞ்சாபில் சக்கர்கட் பகுதியைச் சேர்ந்த பேரியன் கலான் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். வயல், கிணறு, ஓடை, மண் வீடுகள் ஆகியவை நிறைந்த ஊர் அது. சிறுவன் நேக் சந்துக்கு அன்னை அரசர்கள், அரசிகள், வீரர்களைப் பற்றிய கதைகளைச் சொல்லுவார். அந்தக் கதைகளைக் கேட்ட பிள்ளை ஓடைக்கரைக்கு ஓடி, ஈர மண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்து விளையாடும். நீரில் உருண்டு வழவழப்பான கற்களைப் பொறுக்கும். ஒரு கல்லில் பறவை தெரியும். இன்னொரு கல்லில் மனித முகம் தெரியும்.

கல்லில் முகம் காண்பது நமக்கும் புதிதன்று. திண்டு போலத் தோன்றும் கல் மலையின் அடியில்தானே நம் ஊர் அமைந்திருக்கிறது! அந்த மலையைப் பார்த்து நம் முன்னோர் திண்டைக் கண்டார்கள். ஊருக்கும் அதையே பெயராக வைத்தார்கள். பார்க்கின்ற கண்ணைப் பொறுத்தது கல்லின் உருவம். அந்தக் கண் நேக் சந்துக்குச் சிறு வயதிலேயே வாய்த்திருந்தது.

ஊரை இழந்தவர்

1947-ஆம் ஆண்டு நம் நாடு விடுதலை பெற்றது. அதே வேளையில் நாடு இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாப் மாநிலத்தின் நடுவே எல்லைக் கோடு கிழிக்கப்பட்டது. குர்தாஸ்பூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இந்தியாவில் நிலைத்தது. ராவி ஆற்றுக்கு அப்பால் இருந்த சக்கர்கட் பகுதி மட்டும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. நேக் சந்தின் ஊர் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருபுறமும் தம் வீடு வாசலை விட்டு வெளியேறிய கொடுமையான நாட்கள் அவை. அவருடைய குடும்பமும் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்டு, நெடுந்தூரம் நடந்து இந்தியப் பகுதியை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

ஊர் என்பது என்ன? நான்கு சுவர் மட்டுமா? நாம் விளையாடிய ஓடை, நமக்குக் கதை சொன்ன திண்ணை, தண்ணீர் இறைத்த கிணறு, நம் பெயர் சொல்லி அழைக்கும் அண்டை வீட்டார் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். அதை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து வர முடியாது. நேக் சந்த் சுமந்து வந்தவை நினைவுகள் மட்டுமே. இதை மனத்தில் கொண்டால்தான் அவர் பின்னர் செய்த செயலின் பொருள் நமக்கு விளங்கும்.

புதிய நகரம் எழுந்தது

பிரிவினைக்கு முன் பஞ்சாபின் தலைநகராக விளங்கியது லாகூர். அது பாகிஸ்தானுக்குச் சென்றுவிடவே, இந்தியாவைச் சேர்ந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. சிவாலிக் மலையடிவாரத்தில் ஒரு புத்தம் புதிய நகரை அமைக்க முடிவு செய்தனர். பிரதமர் நேரு அதில் மிகுந்த ஆர்வம் காட்டினார். உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞரான லெ கொர்புசியே அந்நகரைத் திட்டமிட்டார். நேரான சாலைகள், எண்ணிட்ட பகுதிகள், சிமென்டுக் காங்கிரீட்டில் எழுந்த மாபெரும் அரசு மாளிகைகள் என்று சண்டிகர் நகரம் உருவாயிற்று. 1953-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதைத் தொடங்கி வைத்தார்.

இந்தப் பெரும் பணியில் 1951-ஆம் ஆண்டு பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார் நேக் சந்த். சாலை போடும் இடங்களுக்குச் செல்வதும், சாமான்களைக் கணக்குப் பார்ப்பதும் அவருடைய பணி.

புதிய நகரம் வெற்று நிலத்தில் எழவில்லை. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. நகரம் அமைவதற்காக அவை அகற்றப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டன. உடைந்த பானைகள், ஓடுகள், கதவுத் துண்டுகள், வளையல்கள், பாத்திரங்கள், மிதிவண்டிப் பாகங்கள் எல்லாம் இடிபாடுகளாகக் குவிந்து கிடந்தன. அவற்றைக் கடந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் போயிருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அது குப்பை. தம் ஊரையே இழந்து வந்த நேக் சந்தின் கண்ணுக்கோ அது ஒரு காலத்தில் யாரோ வாழ்ந்த வீடு. யாரோ ஒரு பெண் அணிந்திருந்த வளையல்.

காட்டுக்குள் ஒரு குடிசை

1957, 1958-ஆம் ஆண்டுகளில் அவர் அந்தத் துண்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். சேகரித்த பொருள்களை வைக்க நகரின் வடக்குப் பகுதியில், சுக்னா ஏரிக்கு அருகில் புதர் மண்டிய ஒரு காட்டுப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார். அது அரசாங்க நிலம். அங்கே யாரும் எதுவும் கட்டக்கூடாது என்பது விதி. ஆள் நடமாட்டம் இல்லாத அவ்விடத்தில் ஒரு சிறு குடிசை அமைத்துக்கொண்டார்.

பகலெல்லாம் அலுவலகப் பணி. மாலை ஐந்து மணிக்கு மேல் அவருடைய சொந்தப் பணி தொடங்கும். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் படுகைகளுக்கும் மலையடிவாரத்துக்கும் செல்வார். விந்தையான உருவம் கொண்ட கற்களைப் பொறுக்கி மிதிவண்டியில் ஏற்றி வருவார். வரும் வழியில் இடிபாடுகளையும் குப்பைமேடுகளையும் தேடுவார். சில ஆண்டுகள் சேகரிப்பதிலேயே கழிந்தன. பிறகுதான் சிலைகளைச் செய்யத் தொடங்கினார். இரவு இருட்டிவிட்டால் பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார்.

மனைவி கமலாவுக்கும் மிகச் சில நண்பர்களுக்கும் தவிர வேறு எவருக்கும் இது தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார்! பதினெட்டு ஆண்டுகள் என்றால் 6,500-க்கும் மேற்பட்ட மாலைப் பொழுதுகள். பாலர் வகுப்பில் சேரும் ஒரு சிறுமி பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்கும் சென்று பட்டம் பெறுவதற்கு ஆகும் காலத்தை விட இது அதிகம். இத்தனை காலமும் அவருக்குக் கைதட்ட ஆளில்லை. பரிசு கொடுப்பார் இல்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லவும் ஊரார் இல்லை. எந்த நாளிலும் பிடிபடலாம், வேலையும் போகலாம், செய்தவை எல்லாம் இடிக்கப்படலாம் என்ற நிலை. எனினும் மறுநாள் மாலை அவர் மீண்டும் மிதிவண்டியை எடுத்தார்.

சிலைகள் செய்த விதம்

அவர் சிலைகளைச் செய்த முறையை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். முதலில் பழைய இரும்புக் கம்பிகளையும் மிதிவண்டிப் பாகங்களையும் கொண்டு எலும்புக் கூடு போன்ற ஒரு சட்டம் அமைப்பார். அதன் மேல் சிமென்டும் மணலும் கலந்த கலவையை அப்பி உடலை உருவாக்குவார். கலவை காய்ந்து இறுகுவதற்குள், உடைந்த வளையல், பீங்கான், ஓடு, கண்ணாடி ஆகியவற்றின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார். அவையே அந்தச் சிலைக்கு ஆடையும் அணிகலனும் ஆகும். சிவப்பு, பச்சை, நீல வளையல்களை வரிசை வரிசையாகப் பதித்த பெண் உருவங்கள் பட்டுப் பாவாடை உடுத்தி நிற்பவை போலவே தோன்றும்.

மிதிவண்டியின் இருக்கை ஒரு விலங்கின் தலையாகும். அதன் முன்கவை கால்களாகும். முடி திருத்தும் நிலையங்களில் கூட்டித் தள்ளிய முடி சில சிலைகளின் தலையில் ஏறும். செங்கல் சூளையில் அதிகச் சூட்டினால் உருகிக் கருகிப் போன கற்களைக் கட்டட வேலைக்கு எவரும் வாங்குவதில்லை. அவையும் அவர் கையில் பறவையாகவும் விலங்காகவும் மாறின. மின்சாரச் சாமான்களின் பீங்கான் பாகங்களைக் கொண்டு சுவர்களை அலங்கரித்தார். தாரை வைத்திருந்த காலிப் பீப்பாய்களை அச்சாகக் கொண்டு பெரிய மதில்களை எழுப்பினார். உடைந்த கழிப்பறைப் பீங்கான்கள்கூட அங்கே வெண்மையான சுவர்களாயின. தாழ்ந்தது என்று அவர் எதையும் தள்ளவில்லை.

தனித் தனிச் சிலைகளாக அவர் செய்து நிறுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நீர்க்குடம் சுமக்கும் பெண்கள் ஒரு கூட்டம். இசைக் கருவி வாசிப்போர் ஒரு கூட்டம். வீரர்கள் ஓர் அணி. குரங்குகள் ஒரு மந்தை. முற்றம் முற்றமாகவும் தெருத் தெருவாகவும் அவற்றை அமைத்தார். ஒரு முற்றத்திலிருந்து அடுத்த முற்றத்துக்குச் செல்லும் வாயில்கள் தாழ்வானவை. எத்தனை பெரிய மனிதரானாலும் தலை குனிந்துதான் உள்ளே செல்ல வேண்டும். மொத்தத்தில் அவர் கட்டியது ஒரு சிற்றூரும் அதை ஆளும் ஓர் அரசும் ஆகும். அன்னை சொன்ன கதைகளின் அரசு அது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் விட்டுவந்த ஊர் அது.

பிடிபட்ட நாள்

1975-ஆம் ஆண்டு அவருடைய மறைவான உலகம் அதிகாரிகளுக்குத் தெரிய வந்தது. அதற்குள் அது 12 ஏக்கர் பரப்பில் விரிந்திருந்தது. நூற்றுக்கணக்கான சிலைகள் காட்டுக்குள்ளே வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டவர்கள் திகைத்து நின்றனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அவர் செய்தது சரியா? அரசாங்க நிலத்தில், அரசாங்க ஊழியரே, அனுமதியின்றிக் கட்டியிருக்கிறார். சட்டப்படி அவற்றை இடித்துவிடலாம். அப்படி இடிக்க வேண்டும் என்று கருதியவர்களும் இருந்தனர். ஒவ்வொருவரும் தம் விருப்பம் போல் பொது நிலத்தில் கட்டத் தொடங்கினால் ஊர் என்ன ஆகும்? அவர்கள் கருத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மறுபுறத்தில், அவர் எவருடைய பொருளையும் கவரவில்லை. மற்றவர்கள் எறிந்ததை எடுத்தார். தமக்கென்று வீடு கட்டிக்கொள்ளவில்லை. காசு சேர்க்கவும் இல்லை.

நல்ல வேளையாக, விதியை மட்டுமின்றி அதன் நோக்கத்தையும் எண்ணிப் பார்க்கும் பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். தாவரவியல் அறிஞரும் ஆட்சிப் பணியில் சிறந்து விளங்கியவருமான எம். எஸ். ரந்தாவா இந்தப் படைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று துணை நின்றவர்களில் ஒருவர். நகர மக்களும் ஆதரித்தனர். முடிவில் நிர்வாகம் ஓர் அழகான வழியைக் கண்டது. ஒருவர் மறைவாகக் கட்டியதை எல்லாருக்கும் உரிய பொதுத் தோட்டமாக மாற்றியது. விதி மீறல் மூடி மறைக்கப்படவில்லை. பொது நிலத்தில் எழுந்தது பொதுமக்களுக்கே வந்து சேர்ந்தது. 1976-ஆம் ஆண்டு கற்தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு உபகோட்டப் பொறியாளர் என்ற பதவியும், தோட்டப் பணிக்கென்றே சம்பளமும், ஐம்பது தொழிலாளர்களும் கொடுத்தார்கள். தண்டனையை எதிர்பார்த்திருக்கக்கூடிய மனிதர், தம் கனவையே அலுவலாகப் பெற்றார்!

புகழும் சோதனையும்

அதன் பிறகு பணி விரைந்து வளர்ந்தது. நகரில் கழிவுப் பொருள்களைச் சேகரிக்கும் நிலையங்கள் ஏற்பட்டன. அருவிகளும் நீரோடைகளும், திறந்தவெளி அரங்கும், பெரிய ஊஞ்சல்கள் தொங்கும் மண்டபங்களும் எழுந்தன. அருவியில் விழும் நீர் மீண்டும் மேலே ஏற்றப்பட்டுச் சுழற்சியாகப் பயன்படுகிறது. கிழிந்த துணிகளைச் சுருட்டிக் கட்டிய ஆளுயரப் பொம்மைகளையும் அவர் செய்தார். 1983-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இந்தக் கற்தோட்டத்தின் படத்துடன் அஞ்சல் தலை வெளியிட்டது. 1984-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் இருந்த குழந்தைகள் அருங்காட்சியகத்திற்காக 1980-களின் நடுவில் அவர் ஒரு சிறு தோட்டம் அமைத்தார். இடிபாட்டில் பொறுக்கிய வளையல் துண்டில் தொடங்கிய கலை கடல் கடந்தது.

ஆனால் சோதனை நீங்கவில்லை. 1990-ஐ ஒட்டிய நாட்களில் சாலை அமைப்பதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்கப் புல்டோசர்கள் வந்தன. அப்போது நகர மக்கள், குழந்தைகள் உட்பட, கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று அவற்றைத் தடுத்தார்கள். உடைந்த வளையல்களைக் காக்க வளையல் அணிந்த கைகள் கோத்து நின்றன! 1996-ஆம் ஆண்டு நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்தபோது சிலர் தோட்டத்துக்குள் புகுந்து பல சிலைகளைச் சிதைத்தனர். திரும்பி வந்தவர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. உடைந்தவற்றை மறுபடி ஒட்டுவது அவருக்குப் புதிதா என்ன? அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அவர் பெயரால் ஓர் அறநிறுவனம் தொடங்கப்பட்டது. தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து வந்து பழுது பார்க்கும் பணியில் உதவினார்கள்.

முதுமையிலும் அவர் தோட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், சண்டிகரில் அவர் மறைந்தார். மக்கள் இறுதி அஞ்சலி செலுத்த அவருடைய உடல் அந்தக் கற்தோட்டத்திலேயே வைக்கப்பட்டது. அவர் படைத்த அரசர்களும் அரசிகளும் சூழ்ந்து நிற்க, மக்கள் கண்ணீருடன் வழியனுப்பினர். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்தன. அதற்குச் சில மாதங்களுக்குப் பின், 2025-ஆம் ஆண்டு, அருகிலுள்ள உயர் நீதிமன்றத்தின் சாலை வசதிக்காகத் தோட்டத்தின் வெளி மதிலில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்கள் மீண்டும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு நல்ல படைப்பைக் காக்கும் கடமை அதைப் படைத்தவரோடு முடிந்துவிடுவதில்லை. பின் வருவோரிடம் அது தொடர்கிறது என்பதை இது காட்டுகிறது.

உலகில் இவரைப் போன்றோர்

நேக் சந்த் தனி மரம் அல்லர். பிரான்சு நாட்டில் ஃபெர்டினான்ட் செவால் என்னும் தபால்காரர் இருந்தார். கடிதம் கொடுக்கச் செல்லும் வழியில் கண்ட கற்களைப் பொறுக்கி வந்து, 1879 முதல் 1912 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு கனவு மாளிகையைத் தனியாளாகக் கட்டி முடித்தார். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்ற சைமன் ரோடியா என்ற தொழிலாளி, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் இரும்பு, சிமென்டு, உடைந்த பீங்கான், புட்டித் துண்டு, சிப்பி ஆகியவற்றைக் கொண்டு 1921 முதல் 1954 வரை வானளாவும் கோபுரங்களை எழுப்பினார். அவையும் ஆபத்தானவை என்று 1959-ஆம் ஆண்டு இடிக்கப்பட இருந்தன. பெரும் விசையுடன் இழுத்துச் சோதித்தபோது கோபுரம் அசையவில்லை, ஆகவே பிழைத்தது!

ஒருவர் தபால்காரர், ஒருவர் கூலித் தொழிலாளி, ஒருவர் சாலை ஆய்வாளர். மூவரும் கலைப் பள்ளியின் வாசலை மிதிக்காதவர்கள். மூவரும் அன்றாடப் பிழைப்புக்கான வேலையை முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில், எஞ்சிய பொருளில் படைத்தவர்கள். நேரம் இல்லை, வசதி இல்லை என்று நாம் சொல்லும் காரணங்கள் அவர்களிடமும் இருந்தன. அவர்கள் அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவே.

நமக்கு அருகில்

சண்டிகர் நெடுந்தொலைவில் உள்ளது. நாம் எப்போது பார்ப்போம் என்று வருந்த வேண்டாம். கேரளத்தில் பாலக்காட்டுக்கு அருகே மலம்புழா அணையை ஒட்டி நேக் சந்த் அமைத்த கற்தோட்டம் ஒன்று இருக்கிறது. நம் திண்டுக்கல் சந்திப்பிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு இருப்புப்பாதை செல்கிறது. மலம்புழாவுக்குச் சுற்றுலா செல்லும்போது அணையையும் பூங்காவையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்தக் கற்தோட்டத்தையும் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அங்கேயும் உடைந்த ஓடுகளும் வளையல்களும் சிலைகளாகவும் சுவர்களாகவும் நம்மை வரவேற்கும்.

நாம் கற்க வேண்டியது

அன்பு மாணவியரே! நேக் சந்தின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டியவை பல. கழிவுப் பொருளை வீணாக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நாகல் நகரில் தறியிலிருந்து அறுந்து விழும் நூல் துண்டு, பூட்டுப் பட்டறையில் வெட்டி எறியும் தகடு, நம் வீட்டில் உடையும் பீங்கான் தட்டு ஆகியவற்றை இனிமேல் சற்றே நின்று பார்ப்போம். நம் பள்ளிக் கைவினை வகுப்புக்கு இவற்றை விடச் சிறந்த பொருள் கடையில் கிடைக்குமா?

ஆனால் அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. யாரும் பாராமல் இருக்கும்போதும் ஒரு வேலையை நன்றாகச் செய்ய முடியுமா? ஆசிரியை பார்க்கிறார் என்பதற்காகச் சுத்தமாக எழுதுகிறோம். ஆண்டு விழாவில் பரிசு உண்டு என்பதற்காகப் பாடுகிறோம். பரிசு தவறல்ல. எனினும் பரிசு மட்டுமே காரணமாக இருந்தால், அது கிடைக்காத நாளில் நம் கை ஓய்ந்துவிடும். நேக் சந்தின் கை பதினெட்டு ஆண்டுகள் ஓயவில்லை. காரணம், அவர் செய்த வேலையே அவருக்குப் பரிசாக இருந்தது.

மற்றொன்றையும் சொல்லி முடிக்கலாம். உடைந்தவை பொருள்கள் மட்டுமல்ல. தேர்வில் தவறி வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருக்கும் தோழி, வீட்டுத் துன்பத்தால் யாரோடும் பேசாமல் ஒதுங்கி நிற்கும் சிறுமி, வேலைக்குப் பயனில்லை என்று மூலையில் விடப்பட்ட முதியவர் ஆகியோரையும் உலகம் எளிதாகத் தள்ளிவிடுகிறது. ஊரை இழந்து வந்த ஓர் இளைஞர், பிறர் எறிந்த துண்டு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதற்குரிய இடம் எது என்று பொறுமையாகத் தேடினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கிடைத்தது. எல்லாம் சேர்ந்து ஓர் அரசே எழுந்தது. நம்மைச் சுற்றி இருப்போரிடமும் நாம் அவ்வாறே நடந்துகொண்டால், நம் வகுப்பில், நம் வீட்டில், நம் தெருவில் தள்ளப்பட்டவர் என்று எவரும் இருக்கமாட்டார்.

நாளைக் காலை வாசல் பெருக்கும்போது ஒரு வளையல் துண்டு கண்ணில் பட்டால், அதை எறியுமுன் நேக் சந்தை ஒரு கணம் நினைப்போமாக!